தரவரிசையில் நமக்கு இரண்டு மதிப்பெண்

எல்.எல்.பி. முடித்த நம் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு. "மேல படிக்கணும்னா நல்ல யுனிவர்சிட்டியாப் பார்த்துச் சேரு." சீனியர் வழக்கறிஞர் சொல்வார், பயிற்சி மையக்காரர் சொல்வார், நம் இயக்கத் தோழர்களே சொல்வார்கள். எது நல்ல யுனிவர்சிட்டி என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியை எடுத்து ஒன்றிய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையைக் காட்டுவார்கள். 2018இல் சட்டக் கல்விக்கென்று அந்தப் பட்டியல் வரத் தொடங்கியதிலிருந்து பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளிதான் முதலிடம். அதற்குக் கீழே டெல்லி, ஐதராபாத் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள்.

அந்தப் பட்டியலை எப்படிப் போடுகிறார்கள் என்று பார்த்தவர்கள் குறைவு. மொத்தம் 100 மதிப்பெண். கற்பித்தல், ஆய்வு, தேர்ச்சி ஆகியவற்றுக்குப் பெரும்பங்கு போகிறது. எல்லோரையும் உள்ளடக்குகிறதா என்ற தலைப்புக்கு 10. அந்தப் பத்தையும் வெளிமாநில மாணவர்கள் எத்தனை பேர், பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்குச் சாய்தளம் உண்டா என்று பிரித்துக் கொடுத்தபின், பொருளாதாரத்திலும் சமூகத்திலும் பின்தங்கிய மாணவர்களுக்கு மிஞ்சுவது 2. அந்த இரண்டும்கூட எத்தனை இளநிலை மாணவர்களின் முழுக் கட்டணத்தை நிறுவனமே ஏற்றது என்பதை வைத்துத் தரப்படுகிறது. முதுநிலை அதில் வராது. அங்கே பட்டியலினப் பேராசிரியர் ஒருவராவது உண்டா என்பதற்கு மதிப்பெண்ணே இல்லை. ஆனால் வேலை கொடுப்போரும் பேராசிரியர்களும் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்குத் தனியாக 10 உண்டு.

அதாவது, பெரிய மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்குப் பத்து. சேரிப் பிள்ளை அங்கே படித்து முடிக்க முடிகிறதா என்பதற்கு இரண்டு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் நம் பிள்ளைகளுக்கு வழிகாட்டுகிறோம்.

நான் இதைப் புதுச்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44இல் பேருந்து நின்று புறப்படும் ஊர். சுற்றிலும் கோழிப்பண்ணைகள், மரவள்ளிக் காடுகள். கொஞ்சம் தள்ளிப் போனால் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள். 2019இல் நாமக்கல்லிலும் சேலத்திலும் தேனியிலும் அரசு சட்டக் கல்லூரிகள் தொடங்கியபோது, இந்தப் பக்கத்து அருந்ததியர் வளவுகளிலிருந்தும் பறையர் தெருக்களிலிருந்தும் முதன்முதலாகச் சட்டம் படிக்கப் போனவர்கள் கணிசம். அதுவரை சேலம் தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடிந்தவர், அல்லது கோவைக்கோ சென்னைக்கோ போய் அறை எடுக்க முடிந்தவர்தான் வக்கீல். இப்போது டவுன் பஸ்ஸில் போய்ப் படித்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பிய பிள்ளைகள் பட்டத்தோடு நிற்கிறார்கள். எல்.எல்.எம். என்ற கேள்வி இந்த ஊர்களுக்கு வந்திருப்பதே இந்த நான்கைந்து ஆண்டுகளில்தான்.

அப்படி ஒரு தங்கை கேட்டாள். அம்மா பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர். "அண்ணா, கிளாட்டுக்குப் பணம் கட்டட்டுங்களா, இல்ல சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் போட்டாப் போதுங்களா? ரெண்டுக்கும் சேத்துக் கேட்டா வீட்ல திட்டுவாங்க." தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கு 3,500. நாலாயிரம் கட்ட முடியாதவருக்கு மூவாயிரத்து ஐந்நூறு கட்ட முடியும் என்பது எந்த ஊர்க் கணக்கோ தெரியவில்லை. தேர்வில் தேறிவிட்டால் கலந்தாய்வில் பதிவு செய்ய அண்மை ஆண்டுகளில் நம் பிரிவுக்கு 20,000 ரூபாய். பிறகு கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள், உண்மைதான். ஆனால் கையில் வைத்திருந்தால்தானே கழிக்க முடியும்? 2025-26க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள் கூலி 336 ரூபாய். இருபதாயிரம் என்பது அறுபது நாள் கூலி. அவள் எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்கவில்லை. எதற்கு விண்ணப்பம் போடலாம் என்று கேட்டாள். நம் பிள்ளைகளின் 'தேர்வு' என்பது அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிடுகிறது.

இதற்குமேல் பேசுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வழக்கறிஞராக நிற்க எல்.எல்.எம். தேவையில்லை. எல்.எல்.பி.யும் பார் கவுன்சில் தேர்வும் போதும். நீதிபதித் தேர்வுக்கும் அது கட்டாயமில்லை. அங்கே 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் கேட்டது மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம். அப்படியானால் எதற்கு இரண்டாண்டு செலவழிக்க வேண்டும், கோர்ட்டுக்குப் போய் நில் என்று நம்மில் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதியைப் பார்க்கத் தவறுகிறார்கள். எல்.எல்.எம். முடித்தவர்தான் சட்டக் கல்லூரியில் ஆசிரியர் ஆகிறார். அவர்தான் முனைவர் பட்டத்துக்குப் போகிறார், பாடத்திட்டக் குழுவில் உட்காருகிறார், பாடநூல் எழுதுகிறார், தீர்ப்புகளை விமர்சித்துக் கட்டுரை எழுதுகிறார். நாளைக்கு நீதிபதியாக வரப்போகிறவருக்கு 17ஆவது உறுப்பை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவதா, ஒரு பருவம் முழுக்கக் கற்பிப்பதா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். 2018 முதல் 2022 இறுதி வரை உயர் நீதிமன்றங்களுக்கு நியமிக்கப்பட்ட 537 நீதிபதிகளில் பட்டியலினத்தவர் 2.8 விழுக்காடு என்று ஒன்றியச் சட்ட அமைச்சகமே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னது. தீர்ப்பு எழுதும் இடத்தில் நாம் இல்லை. தீர்ப்பைப் படித்துக் கேள்வி கேட்கும் இடத்திலாவது இருக்க வேண்டாமா?

நம் மாவட்டத்து வழக்கையே எடுத்துக்கொள்வோம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் கடைசியாகக் காணப்பட்ட ஓமலூர் கோகுல்ராஜின் உடல் மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் கிடந்தது. தற்கொலை என்று முடித்துவிடுவதற்கான எல்லா ஏற்பாடும் இருந்தது. அவருடைய தாய் சித்ரா விடவில்லை. நாமக்கல்லில் நீதி கிடைக்காது என்று உயர் நீதிமன்றம் போனார். விசாரணை மதுரைக்கு மாறியது. ப.பா. மோகன் சிறப்பு அரசு வழக்கறிஞராக வந்தார். முக்கியச் சாட்சி பிறழ்ந்தும், கோயில் கேமராப் பதிவுகளை வைத்து வழக்கு நின்றது. 2022 மார்ச் 8 அன்று யுவராஜ் உள்ளிட்ட 10 பேருக்கு மதுரைச் சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷும் என். ஆனந்த் வெங்கடேஷும் கோயிலுக்கும் தண்டவாளத்துக்கும் நேரிலேயே வந்து பார்த்தார்கள். 2023 ஜூன் 2 அன்று யுவராஜின் தண்டனையை உறுதி செய்தார்கள்.

இந்த ஒரு வழக்கில் எத்தனை ஆய்வேடுகள் கிடக்கின்றன என்று பாருங்கள். சாதிக் கொலையில் சாட்சி பிறழும்போது மின்னணுச் சான்று எவ்வளவு தாங்கும்? பாதிக்கப்பட்டவர் விரும்பும் வழக்கறிஞரை அமர்த்தலாம் என்று 1995ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்பு விதிகள் சொல்வது நடைமுறையில் எப்போது நடக்கிறது? 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு சாட்சிக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தரும் உரிமைகள் சேலத்திலும் நாமக்கல்லிலும் எந்த நீதிமன்றத்தில் மதிக்கப்படுகின்றன? இதை எழுத வேண்டியவர் யார்? டெல்லியில் பிறந்து டெல்லியில் படித்தவரும் எழுதலாம், தடையில்லை. ஆனால் பள்ளிபாளையம் எங்கே இருக்கிறது, பிறழ்கிற சாட்சி எந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கிறது என்று தெரிந்த ஒருவர் எழுதினால் அது வேறு ஆய்வேடு.

எனவே முதுநிலைச் சட்டம் படிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'நான் எழுத நினைப்பதை அங்கே எழுத விடுவார்களா' என்பதே. நான் முனைவர் பட்டத்துக்கு நேர்காணல் போன இடங்களில் ஒன்றில், பெயர் வேண்டாம், என் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர் அன்பாகவே சொன்னார்: "ஏன் தம்பி சாதிக்குள்ளேயே நிக்கறீங்க? அறிவுசார் சொத்துரிமை மாதிரி ஏதாவது எடுங்க, எதிர்காலம் இருக்கு." அவருக்குக் கெட்ட எண்ணம் ஏதும் கிடையாது. சாதி என்பது எங்கள் சொந்த விவகாரம், சட்டம் என்பது பொது விவகாரம் என்று அவர் நம்பினார். அவ்வளவுதான். தரவரிசையில் அந்த இடம் நல்ல இடம்.

இனி தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களின் வாசலுக்கு வருவோம். இவை பெயரில் தேசியம், பிறப்பில் மாநிலம். ஒவ்வொன்றும் ஒரு மாநிலச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் உருவானது. நம் திருச்சி நாவலூர்குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் 2012இல் தமிழ்நாடு சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் வந்ததுதான். இடஒதுக்கீடு என்று வரும்போது இவை ஒன்றிய நிறுவனங்கள் இல்லை. அதனால் ஒன்றியக் கல்வி நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டம் இவற்றைக் கட்டுப்படுத்தாது. பெங்களூரில் பல ஆண்டுகள் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடே இல்லாமல் ஓட்டியது இப்படித்தான். மாணவர் சேர்க்கை என்று வரும்போதோ மாநிலம் காணாமல் போய், நாடு முழுக்க ஒரே நுழைவுத் தேர்வு வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் கடமை இருக்கிறதோ அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் வித்தை இது.

அந்தத் தேர்வு ஆங்கிலத்தில் மட்டும். 120 நிமிடம், 120 கேள்வி, தீர்ப்புகளிலிருந்து நீளமான பத்திகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்து, அரசு சட்டக் கல்லூரியில் தமிழில் தேர்வெழுதி, இந்திய அரசியலமைப்பைத் தமிழில் கரைத்துக் குடித்தவருக்கும் அங்கே சட்டம் தெரியாது. ஆங்கிலத்தில் வேகமாகப் படிக்கத் தெரிந்தவருக்கே சட்டம் தெரியும். ஷம்நாத் பஷீர் 2010இல் தொடங்கிய ஐடியா அமைப்பு இந்த நிறுவனங்களில் மாணவர்களைக் கணக்கெடுத்தபோது, ஆங்கிலவழிப் பள்ளியில் படித்த, வசதியான குடும்பத்துப் பிள்ளைகளே நிரம்பியிருப்பது தெரிந்தது. கணக்கெடுக்காமலே நமக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் கணக்கு கையில் இருப்பது நல்லது.

அருந்ததியர் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2009ஆம் ஆண்டுச் சட்டம் தந்த 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தமிழ்நாட்டு எல்லையோடு நின்றுவிடுகிறது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு உள்வகைப்பாடு செல்லும் என்று சொல்லிவிட்டது. அந்த உரிமை நிலைத்துவிட்டது, எல்லையைத் தாண்டவில்லை. பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ போட்டியிடும்போது நம் புதுச்சத்திரத்துப் பிள்ளை மூன்று தலைமுறையாகப் படித்த குடும்பங்களோடு மோத வேண்டும். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகத்தில் 69 விழுக்காடு, அதற்குள் 18, அதற்குள் 3 என்று தன் இடம் எது என்று விரல் விட்டு எண்ண முடியும். யாருடைய தயவும் இல்லாமல் சட்டப்படி நம்முடையதாக இருக்கும் ஓர் இடத்தை 'சுமாரான யுனிவர்சிட்டி' என்று தள்ளச் சொல்கிறவர், அந்த இடத்தை வாங்க எத்தனை பேர் தெருவில் நின்றார்கள் என்று தெரியாதவர்.

சரி, அப்படியானால் சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் சொர்க்கமா? இல்லை. அரசு சட்டக் கல்வியை நம் அரசுகள் எப்படி வைத்திருக்கின்றன என்பதைச் சொல்லாமல் என்.எல்.யு.க்களைத் திட்டுவது நேர்மையாகாது. நிரப்பாத ஆசிரியர் பணியிடங்கள், அந்த இடத்தில் ஒப்பந்தக் கூலியில் கௌரவ விரிவுரையாளர்கள், புத்தகம் வாங்காத நூலகம், தரவுத்தளத்துக்கு யாரிடமாவது கடவுச்சொல் கேட்டு அலையும் ஆய்வு மாணவர்கள். 2008 நவம்பர் 12 அன்று சென்னைச் சட்டக் கல்லூரியில் நடந்த சாதி மோதலைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அதற்கு அரசு கண்ட தீர்வு என்ன தெரியுமா? கல்லூரியை ஊருக்கு வெளியே அனுப்பியது. மாணவர்கள் போராடியும் கேட்காமல், 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதில் ஓரமிருந்த அம்பேத்கர் பெயர் தாங்கிய கல்லூரியைப் பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்துக் கொண்டுபோய் வைத்தார்கள். காலையில் வகுப்பு, மதியம் கோர்ட், மாலையில் சீனியர் அலுவலகம் என்று உழைத்துப் படித்த பிள்ளைகளின் வாழ்க்கை அதோடு போயிற்று. சாதியை ஒழிக்கச் சொன்னால் கல்லூரியை ஒழித்துக்கட்டிய கதை.

இந்த அரசுக் கல்லூரிகளிலிருந்துதான் நம்மவர்கள் வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தலித் நீதிபதி, 1980இல் அங்கே போன ஏ. வரதராசன், நம் ஜோலார்பேட்டைக்காரர். சென்னைச் சட்டக் கல்லூரியில் படித்தவர். முதல் தலித் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் எர்ணாகுளம் அரசு சட்டக் கல்லூரி. 2025இல் தலைமை நீதிபதியான பி.ஆர். கவாய் அமராவதி. பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளியின் முதல் அணியே 1988இல்தான் உள்ளே போனது, ஆகவே இது சரியான ஒப்பீடில்லை என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. தரவரிசை இல்லாத காலத்திலும் மனிதர்கள் சட்டம் படித்தார்கள்.

இதற்கிடையில் நம் கண்ணில் படாமல் ஒன்று நடந்தது. 2021 ஜனவரியில் இந்திய பார் கவுன்சில் முதுநிலைச் சட்டக் கல்விக்குப் புதிய விதிகளை அரசிதழில் வெளியிட்டது. ஓராண்டு எல்.எல்.எம். படிப்பை ஒழிப்பது என்பதுதான் செய்தியானது. யு.ஜி.சி. 2013இல் கொண்டுவந்த ஓராண்டுப் படிப்பைத்தான் என்.எல்.யு.க்கள் நடத்துகின்றன, அதனால் கூச்சல் அங்கிருந்து வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனதும், அந்த ஆண்டு நடைமுறைப்படுத்த மாட்டோம் என்று பார் கவுன்சில் சொன்னது. ஆனால் அதே விதிகளுக்குள் இன்னொன்றும் உட்கார்ந்திருந்தது: நாடு முழுவதும் எல்.எல்.எம். சேர்க்கைக்கு ஒரே பொது நுழைவுத் தேர்வு. மருத்துவத்துக்கு நீட் என்ன செய்தது என்று அனிதாவின் ஊருக்குப் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. நீட்டுக்காகத் தெருவுக்கு வந்த நாம், சட்டத்துக்கு வரப் பார்த்த நீட்டைப் பற்றி ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை. அந்தத் தேர்வு வந்தால் கிளாட் இல்லாமல் சேரக்கூடிய மாநிலப் பல்கலைக்கழகங்களின் கதவும் அதே பூட்டுக்குள் போய்விடும்.

ஓராண்டா, இரண்டாண்டா என்பதில் என் கருத்தைக் கேட்டால், முதல் தலைமுறைப் பிள்ளைகளுக்கு இரண்டாண்டுதான் நல்லது என்பேன். ஓராண்டில் விடுதிச் சாப்பாடு பழகி, ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதப் பழகி, வழிகாட்டியின் கண்ணைப் பார்த்துப் பேசப் பழகுவதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள். ஆங்கிலவழியில் வளர்ந்தவருக்கு அது மிச்சமான ஓராண்டு. நமக்கு அது களவு போன ஓராண்டு. கூலி வேலை செய்யும் வீட்டுக்கு இரண்டாவது ஆண்டு பாரம்தான், மறுக்கவில்லை. அதனால்தான் பணத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் அதைத் தர வேண்டும். 2012இல் தமிழ்நாடு அரசு போட்ட அரசாணை 92, தனியார் கல்லூரியில் படிக்கும் பட்டியலின, பழங்குடி மாணவர்களின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. தாளில் எல்லாம் சரியாக இருக்கிறது. நடப்பில் கட்டணம் ஜூனில், உதவித்தொகை எப்போதோ. இந்த இடைவெளியில்தான் வட்டிக்காரர் உட்கார்ந்திருக்கிறார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் ஆயிரங்களில் இருப்பதால் அந்த இடைவெளியைக் கம்மலை அடகு வைத்துத் தாண்டிவிடலாம். என்.எல்.யு.வில் லட்சங்களில் இருக்கும்போது எதை அடகு வைப்பது?

வெளிநாடு என்றால் கதை இன்னும் விசேஷம். ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் மொத்தமே 125 இடங்கள். 2022இல் விதியைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றி ஆய்வு செய்ய வெளிநாட்டுக்குப் போகிறவருக்குப் பணம் கிடையாது என்றார்கள். சாதியைப் பற்றி வெளியே போய்ப் படிக்காதே என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசாணை வேண்டுமா? 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்துவிட்டு, மீதி 66 பேருக்கு நிதி இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், லண்டனில் படிப்பு பாதியில் இருக்கும்போதே அந்தத் தொகை முடிந்ததால் 1917இல் ஊர் திரும்ப நேர்ந்தது. 1920இல் பணம் சேர்த்துக்கொண்டு மறுபடி போய்த்தான் முடித்தார். நூறாண்டுக்குப் பிறகும் நம் மாணவர்கள் மன்னரின் கடிதத்துக்குக் காத்திருப்பதுபோலத்தான் காத்திருக்கிறார்கள்.

பணத்துக்கு அப்பால் அச்சம் ஒன்று இருக்கிறது. அதைப் பெற்றோரின் அறியாமை என்று எழுதுகிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வரும். ஐதராபாத்தில் படித்து, டெல்லி ஜே.என்.யு.வுக்கு ஆய்வு மாணவராகப் போன முத்துக்கிருஷ்ணன் சேலத்துப் பிள்ளை. 2017 மார்ச் 13 அன்று டெல்லியில் இறந்தார். ரோகித் வெமுலா இறந்து பதினான்கு மாதம்கூட ஆகவில்லை. சேலத்துக்கு வந்த அந்த உடலை இந்த வட்டாரத்து அம்மாக்கள் மறக்கவில்லை. "அவ்வளவு தூரம் எதுக்கு?" என்று ஒரு தாய் கேட்டால், அவர் வரைபடத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. உயர்கல்வி நிறுவனங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க யு.ஜி.சி. 2012இலேயே விதிமுறை போட்டது. ஒவ்வொரு நிறுவனத்திலும் சமவாய்ப்புப் பிரிவும், பாகுபாட்டைக் களைய ஓர் அலுவலரும் இருக்க வேண்டும். நீங்கள் சேரப்போகும் இடத்தில் அந்த அலுவலர் யார், அவர் கடைசியாக எந்தப் புகாரை விசாரித்தார் என்று கேட்டுப் பாருங்கள். வரவேற்பறையில் இருப்பவர் விழிக்கும் விழிப்பிலேயே விடை கிடைத்துவிடும்.

அந்தத் தங்கைக்கு நான் சொன்னதை அப்படியே இங்கே வைக்கிறேன். கிளாட்டுக்குக் கட்டு. அந்த 3,500ஐ நாங்கள் நாலு பேர் போட்டுக்கொள்கிறோம். என்.எல்.யு.வில் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கிய இடம் நம்முடையது, அதைக் கேட்காமல் விட்டுக்கொடுக்க நமக்கு உரிமையில்லை. இடம் கிடைத்தால், கட்டணத்தை உதவித்தொகை வரும்வரை நிறுத்தி வைக்கிறோம் என்று எழுத்தில் வாங்கு. எழுத்தில் தராவிட்டால் வாய்ச்சொல்லை நம்பி ஏறாதே. திருச்சி கிடைத்தால் முதலில் அதைப் பார், வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்து. அதே நேரத்தில் சென்னைக்கும் போடு. அருந்ததியர் ஒதுக்கீட்டில் இடமும், சமூக நீதி விடுதி என்று பெயர் மாறியிருக்கும் ஆதிதிராவிடர் விடுதியில் ஒரு கட்டிலும் கிடைத்தால், பட்டியலில் பல்கலைக்கழகம் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று யாரையும் கேட்காதே. சேருமுன் அந்தத் துறையில் கடந்த சில ஆண்டுகளில் என்னென்ன தலைப்புகளில் ஆய்வேடு வந்திருக்கிறது என்று நூலகத்தில் போய்ப் பார். வன்கொடுமைச் சட்டம், உள் ஒதுக்கீடு, துப்புரவுப் பணி, பஞ்சமி நிலம் என்று ஒன்றாவது இருந்தால், அதற்கு வழிகாட்டியவர் பெயரைக் குறித்துக்கொண்டு அவரைப் போய்ப் பார். ஒன்றுமே இல்லையென்றாலும் பரவாயில்லை, முதலாவதை நீ எழுது. ஆனால் எதற்குள் போகிறோம் என்று தெரிந்து போ.

ஆனால் இது ஒரு பிள்ளைக்கான யோசனைதான். இயக்கத்தின் வேலை வேறு. ஒவ்வொரு ஆண்டும் எல்.எல்.எம்.மிலும் முனைவர் பட்டத்திலும் அருந்ததியர் இடங்கள் எத்தனை, நிரம்பியது எத்தனை, மாற்றிக் கொடுத்தது எத்தனை. ஆசிரியர் நியமனத்தில் இனச்சுழற்சிப் பதிவேடு எங்கே. உதவித்தொகை எந்த மாதம் வந்தது. சமவாய்ப்புப் பிரிவு எத்தனை முறை கூடியது. சென்னை, திருச்சி, மாநிலத்தின் எல்லா அரசு சட்டக் கல்லூரிகளுக்கும் இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் போதும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். வரும் பதில்களை வைத்து நாமே ஒரு தரவரிசை போடலாம். அதில் பெரிய மனிதர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

நாமக்கல் கல்லூரியில் படித்த மூன்று பேர் மனுக்களைத் தமிழில் எழுதி முடித்துவிட்டார்கள். திருச்சிக்கும் சென்னைக்கும் போக வேண்டியவை இந்த வாரம் தபாலில் போகின்றன. மதுரை, கோவை, நெல்லைப் பக்கத்துத் தோழர்கள் உங்கள் ஊர்க் கல்லூரிக்கு நீங்களே போடுங்கள். மனுவின் மாதிரி வேண்டுமென்றால் அனுப்புகிறோம்.